பூசையில் வைத்த புரோசசர்

“…வித்த பொருளத் திருப்பிக் கேட்டாக்கூட பரவால்லண்ணே. சாமிகிட்ட வச்ச பொருளக் கேக்குறீங்க. இது எந்த ஊரு நாயம்லா?” என்று கேட்டார் அந்தப் பெண்.

பினாங்கின் பெருநிலப் பக்கம், சுங்கை பாக்காப்பில் தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால், பச்சைக் கேட் போட்ட வீட்டின் கூடம் அது. ஞாயிற்றுக்கிழமை, சரஸ்வதி பூசை. மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. என் கணினிப் பெட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு வேண்டியது அவருடைய கணினிக்குள் இருந்த புரோசசர். புதன்கிழமை வரைக்கும் அது என்னுடையது. நான்தான் அவருக்கு விற்றேன். இப்போது பத்து நிமிடத்துக்கு இரவல் கேட்டு வந்திருந்தேன்.

அவருடைய கணினியோ சாமி மேடைக்கு முன்னால் மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், தலையில் ஒரு முழம் மல்லிகை. தொழில் செய்யும் சாமான்களுக்கு அன்று ஓய்வு. மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும். எனக்கோ அன்று நான்கு மணிக்கு வேண்டும்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

நான் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவன். விடிகாலையில் ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் பாயான் லெப்பாஸில் இறக்குவேன். சாயங்காலம் அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து அதே இடங்களில் இறக்குவேன். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, கணினியில் லோரி ஓட்டுவேன். அது ஒரு விளையாட்டு. சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும். எண்ணெய் ஊற்ற வேண்டும். வேறொன்றும் கிடையாது.

“பகல் முழுக்க பஸ்ஸு, வீட்டுக்கு வந்தா லோரி. கனவுல என்ன ஓட்டுறீங்க, கப்பலா?” என்று என் மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு மேசையில் தேநீரையும் வைத்துவிட்டுப் போவாள். ஞாயிறு நான்கு மணிக்கு மட்டும் கேட்க மாட்டாள். அன்று தொலைக்காட்சியின் சத்தத்தையும் குறைத்துவிடுவாள்.

ஞாயிறு நான்கு மணிக்கு என் தம்பியோடு ஓட்டுவேன்.

அவன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது அவன் ஏறிய விமானம் கோலாலம்பூரில் தாமதமாகிவிட்டது. எடுக்க வேண்டிய நேரம் வந்தது. அவனுக்காகக் காத்திருக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். மூத்தவன் நான். எடுத்துவிடலாம் என்று சொன்னேன். பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள், மழை வரும்போல் இருந்தது, ஐயருக்கு அடுத்த வீடு இருந்தது என்று எவ்வளவோ சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சொன்னது நான்தான். நாங்கள் பத்து கந்தோங் மயானத்தில் இருந்தபோது அவன் பினாங்கு விமான நிலையத்தில் பெட்டிக்காக நின்றுகொண்டிருந்தான். வந்தான், மொட்டை அடித்துக்கொண்டான், கருமாதி வரை இருந்தான், போனான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு வேறு எதைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு வருடம் கழித்து, நான் விளையாடும் லோரி விளையாட்டில் ஓர் அழைப்பு வந்தது. வணக்கமும் இல்லை, நலமா என்பதும் இல்லை. ‘கான்வாய், ஞாயிறு, 4 மணி’ என்று மட்டும் இருந்தது. ஆறு லோரிகள் வரிசையாகப் போகும் கூட்டம் அது. முன்னால் போகும் லோரி என் தம்பியுடையது. கடைசி இடம் எனக்கு.

ஏறிக்கொண்டேன். அன்றிலிருந்து வாரம் இரண்டு மணி நேரம் அவன் குரலைக் கேட்கிறேன். “முன்னால வளைவு.” “மெதுவா.” “பின்னாடி வண்டி, தூரம் விடு.” பின்னாடி வண்டி நான்தான். சின்ன வயதிலிருந்து அண்ணே என்று கூப்பிட்டவன், விளையாட்டில் என்னைப் பின்னாடி வண்டி என்றுதான் கூப்பிடுவான். நானும் பதில் சொல்வேன்: “சரி, தூரம் விட்டாச்சு.”

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த நிலையில் விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வந்தது. மழை உண்மையான மழைபோல் பெய்தது. ஊர்களில் மனிதர்கள் நடந்தார்கள். என் கணினி இதைத் தாங்கவில்லை. நான் ஒரு பாலத்தில் ஏறினேன், பாலம் இன்னும் வந்து சேரவில்லை. ஆற்றில் விழுந்த பிறகு தலைக்கு மேலே பாலம் வந்து நின்றது. அடுத்த தடவை என் லோரி ஒரே இடத்தில் மூன்று விநாடி உறைந்துவிட்டு, திடீரென்று முன்னால் போனவனின் சரக்குக்குள் போய் நின்றது.

“பின்னாடி வண்டி மெஷின மாத்தணும்,” என்றான் தம்பி. எல்லோருக்கும் சொல்வதுபோல் தொடர்ந்து சொன்னான்: “ரெண்டு வாரம் பாப்போம். கிள்ளான்ல ஒருத்தர் எடம் கேட்டுக்கிட்டு இருக்காரு.”

முதல் வாரம் போய்விட்டது. நான் சொல்லும் ஞாயிறு, இரண்டாவது வாரம்.

என் கணினியில் எது மெதுவாக இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். படம் காட்டும் அட்டை நன்றாகவே இருந்தது. ஆனால் ஆறு லோரியும் மழையும் நடமாடும் மனிதர்களும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது புரோசசர். அதுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சரி, புதிய புரோசசர் வாங்குவது என்று முடிவானது. எதை வாங்குவது?

இங்கே எனக்கு ஒரு வசதி உண்டு என்று நினைத்தேன். என் பேருந்தில் வரும் நாற்பது பேரும் பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் தொழிற்சாலைக்குத்தான் போகிறார்கள். சிப்பைச் சோதிப்பவர்கள், அடுக்குபவர்கள், பெட்டியில் போடுபவர்கள். இவர்களைவிட வேறு யாரைக் கேட்பது? ஒரு காலையில், பச்சை விளக்குக்குக் காத்திருக்கும்போது, முன் இருக்கை அக்காவைக் கேட்டேன்.

“பத்தொம்போது வருசமா அதத்தான் பாக்குறேன் தம்பி,” என்றார் அக்கா. “முகம் தெரியும். குணம் தெரியாது.”

பின்னால் இருந்த ஒரு பெண் சொன்னாள்: “நாங்க டிரேயில அடுக்குறவங்கண்ணே. உள்ளாற என்னா இருக்குன்னு எங்ககிட்ட யாரும் சொன்னதில்ல.”

இன்னொருத்தி: “நம்பரு பெருசா உள்ளத எடுங்கண்ணே. பெருசா போட்டிருக்கான்னா சும்மாவா போட்டிருப்பான்?”

“அப்படின்னா பஸ்ஸு நம்பரும் பெருசா இருந்தா வேகமா போவுமா?” என்றார் அக்கா. பேருந்தே சிரித்தது. விளக்கு பச்சையானது. எனக்குப் புரோசசரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முகம் தெரியும் குணம் தெரியாது என்பதை மறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதை நான் இப்படிச் சேர்த்து வைப்பது வழக்கம். பெட்ரோல் சேமிப்பதைவிட அது சுலபம்.

கொம்தார் பக்கம் கணினிக் கடைகள் இருக்கும் கட்டடத்தில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், போனேன். சிறிய கடை. பெட்டிகளுக்கு நடுவில் அவர் தலை மட்டும் தெரியும். என் கணினியின் போர்டு என்ன என்று கேட்டார். புரோசசர், மெமரி எல்லாம் குத்தி நிற்கும் பெரிய பலகைதான் போர்டு. அதன் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு போயிருந்த தாளைக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, இறந்தவர் படத்தைப் பார்ப்பதுபோல் தலையை அசைத்தார்.

“நல்ல போர்டு,” என்றார் மலாயில். “வயசாயிருச்சு. ஆனா நல்ல போர்டு.”

எனக்கு மூன்று வழி இருந்தது. போர்டு, மெமரி, புரோசசர் என்று எல்லாவற்றையும் மாற்றுவது முதல் வழி. தவுக்கேயின் கண்ணில் அதைச் சொல்லும்போது ஒரு வெளிச்சம் வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அதை அவரே அணைத்துவிட்டார். இரண்டாவது, அதே போர்டில் உட்காரக்கூடிய பன்னிரண்டு கோர் புரோசசர். கோர் என்றால் உள்ளே வேலை செய்யும் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, எட்டு கோர்தான், ஆனால் உள்ளேயே பெரிய கேஷ் வைத்தது.

நான் பன்னிரண்டின் பெட்டியைத்தான் கையில் எடுத்தேன். பேருந்து ஓட்டுபவனுக்கு இருக்கை அதிகம் என்றால் ஒரு மயக்கம். பெட்டியும் அழகாக இருந்தது.

தவுக்கே அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: “அண்ணே, பன்னெண்டு பேரு வேலைக்கு வருவான். உன் லோரி கேமுக்கு மூணு பேருக்குத்தான் வேல இருக்கு. மத்த ஒம்போது பேரு தே தாரிக் குடிச்சிக்கிட்டு சூடு ஏத்துவான். அந்தச் சூட்ட இறக்க நீ இன்னொரு காத்தாடி வாங்கணும்.”

“அப்ப எட்டு?”

“எட்டுலயும் மூணு பேருக்குத்தான் வேல. ஆனா இங்க அவன் கைக்குப் பக்கத்துலயே பெரிய மேச இருக்கு. சாமான் எல்லாம் மேசைல. ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சு ஸ்டோருக்கு நடந்து போவ வேணாம். கேமுக்கு அதுதான் முக்கியம். கேஷுன்னா மேச.”

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய் யோசித்தேன். மறுபடி போய்ப் பன்னிரண்டைப் பார்த்தேன். மூன்றாவது தடவை போனபோது தவுக்கேயே பன்னிரண்டின் பெட்டியை மேல் தட்டில் தூக்கி வைத்திருந்தார். எட்டை வாங்கினேன்.

ரசீதைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: “முதல்ல பயாஸ். பழசு உள்ள இருக்கும்போதே. மறக்காத.”

“ஓகே, ஓகே,” என்றேன். பினாங்கில் ஓகே என்று ஒரு தடவை சொன்னால் புரிந்தது என்று பொருள். இரண்டு தடவை சொன்னால் காதில் விழுந்தது என்று பொருள்.

இப்போது என் மனைவியின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். எங்களுடையது சின்ன ஃபிளாட். ஒரு காலத்தில் சாமான் அறையில் மூன்று பழைய சோற்றுப் பானைகள், இரண்டு மேசை விசிறிகள், படம் வராத ஒரு தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. ‘எதுக்காவது ஒதவும்’ என்று நான்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் கதவைத் திறந்தபோது விசிறி அவள் காலில் விழுந்தது. அன்று சட்டம் பிறந்தது. புதியது வீட்டுக்குள் வர வேண்டும் என்றால், பழையது அதற்கு முன்பே வெளியே போயிருக்க வேண்டும்.

“இது ஒரு பிஸ்கட் அளவுதான்,” என்றேன்.

“பிஸ்கட்டுன்னு விட்டா, நாளைக்கு பிஸ்கட் டின்னு வரும்,” என்றாள். “பழச குடுத்துட்டு உள்ள வாங்க.”

ஆகவே புதிய புரோசசர் இரண்டு நாட்கள் பேருந்தில் என் இருக்கைக்கு முன்னால் உள்ள சின்னத் தடுப்பில், டோல் ரசீதுகளோடு இருந்தது. பழையதைக் கழற்றி, இணையத்தில் படம் போட்டேன். ஒரு பெண் கேட்டார். சுங்கை பாக்காப்பில் இருக்கிறார், கல்யாண வீடியோ எடுப்பவர். அந்தப் புதன்கிழமை ஒரு வேலையாகத் நான் இருக்கும் தீவுப் பக்கம் வருவதாகச் சொன்னார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். பழைய புரோசசரின் அட்டைப் பெட்டியைச் சட்டத்தின்படி எப்போதோ வெளியேற்றியிருந்ததால், அதை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில், பஞ்சு வைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

“கண்ணாடிக் கூட்டுல புரோசசர் வாங்குறது இதான் மொத தடவண்ணே,” என்றார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் அடியில் இருக்கும் ஊசிகளை வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒன்றும் வளையவில்லை. “என் மெஷினு ரொம்ப மோசம். மாப்பிள்ள தாலியக் கையில எடுப்பாரு. மூணாவது முடிச்சு போடுறதுக்குள்ள அது தூங்கிரும்.”

தன் தொழில் அட்டையைக் கொடுத்தார். விலாசம் அதில்தான் இருந்தது. வீட்டில் கல்யாணம் என்றால் கூப்பிடச் சொன்னார். எங்களுக்குக் கல்யாண வயதில் யாரும் இல்லை என்றேன். பரவாயில்லை, அறுபதாம் கல்யாணமும் எடுப்பேன் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் புதியதை மாட்டினேன். மெதுவாக வைத்து, சூடு கடத்தும் பசையைத் தடவி, காற்றாடியைத் திருகி, பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடி விளக்கு, மறுபடி காற்றாடி, மறுபடி கறுப்பு. எல்லாம் நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

தவுக்கேயைக் கூப்பிட்டேன். ஈப்போவில் யாருடைய கல்யாணத்திலோ இருந்தார், பின்னால் யாரோ உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைதான் வருவாராம்.

“பயாஸ் பண்ணியா?” என்றார்.

“பயாஸா?” என்றேன்.

“அண்ணே, உன் பேக்டரி கேட்டுல காவக்காரன் இருக்கான்ல, அவன்கிட்ட ஒரு லிஸ்ட்டு இருக்கும். லிஸ்ட்டுல பேரு இருந்தாத்தான் உள்ள விடுவான். பயாஸுன்னா அந்த லிஸ்ட்டு. உன் போர்டுல இருக்குறது பழைய லிஸ்ட்டு. புது ஆளோட பேரு அதுல இல்ல. புது லிஸ்ட்ட யாராவது உள்ள கொண்டுபோய்க் குடுக்கணும். யாரு போவ முடியும்? ஏற்கெனவே பேரு உள்ளவன்தான் போவ முடியும். பழச மாட்டு, புது லிஸ்ட்டக் குடு, பத்து நிமிசம். அப்புறம் புதுசு.”

“பழச வித்துட்டேனே.”

அவர் பாட்டுச் சத்தத்திலிருந்து தள்ளிப் போவது கேட்டது. பிறகு தவுக்கே சொன்னார்: “அப்ப, திருப்பிக் கேளு.”

வேறு இரண்டு கடைகளுக்குப் போனேன். இரண்டிலும் பெட்டியை வைத்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஞாயிறு காலையிலும் எடுக்கவில்லை. மொத்தம் ஏழு தடவை கூப்பிட்டேன்.

இதற்கு நடுவில் எனக்கும் சரஸ்வதி பூசை இருந்தது. ஞாயிறு காலை பேருந்தைக் கழுவி, முன்னால் வாழை கட்டி, நான்கு பக்கமும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். திங்கட்கிழமை அதை நசுக்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். என் சாமான் பெட்டியைத் திறந்து, ஸ்பானர், குறடு, ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் என் விரலாலேயே பொட்டு வைத்தேன்.

“அந்த லோரி மெஷினுக்கும் வைக்கணுமா?” என்று மனைவி குங்குமச் சிமிழோடு கேட்டாள்.

“அது ஆயுதம் இல்ல. வெளையாட்டு,” என்றேன்.

“காருக்கு?”

“காருக்குத் திரும்பி வந்து வைக்கிறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கணினிப் பெட்டியைத் தூக்கிக் காரின் முன் இருக்கையில் வைத்து, அதற்கு இருக்கைப் பட்டையைப் போட்டேன். அவள் கீழே வந்து, பட்டையை இழுத்துப் பார்த்து, சரி என்றாள். சட்டம் அவளுடையது என்பதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை. கடலைக் கடந்து, இரண்டாம் பாலத்தின் வழியாக, மெதுவாக, சுங்கை பாக்காப்புக்குப் போனேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் எனக்கு நிலைமை தெரிந்துவிட்டது. சாமி மேடைக்கு முன்னால் அவருடைய கணினி. இரண்டு கேமரா, மூடியில் பொட்டோடு. மூன்று கால் ஸ்டாண்டு, ஒவ்வொரு காலுக்கும் ஒரு பொட்டு. விளக்குகள், ஒயர்கள், சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக ஒரு ஸ்க்ரூடிரைவர் செட். ஒவ்வொரு பிடியிலும் பொட்டு. நடுவில் அவருடைய கைப்பேசி, திரையில் குங்குமத்தோடு.

“நேத்து சாயங்காலத்துலேருந்து அது மின்னிக்கிட்டே இருந்துச்சு,” என்றார். “சாமிய யாரோ கூப்புடுறாங்கன்னு விட்டுட்டேன்.”

தொலைக்காட்சிக்கு மட்டும் பொட்டு இல்லை. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். “அது சம்பாதிக்கலியேண்ணே,” என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். புரோசசரை வீட்டைவிட்டு எடுத்துக்கொண்டு போக மாட்டேன், இங்கேயே என் பெட்டியில் மாட்டி, டிவியில் இணைத்து, பத்து நிமிடத்தில் வேலையை முடித்து, திரும்ப மாட்டிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். கேட்டுவிட்டு, “மொதல்ல அதக் கீழ வச்சிட்டு உக்காருங்க,” என்று ஒரு தட்டில் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார்.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க. நானே கழட்டித் தரேன்.”

“இன்னிக்கி நாலு மணிக்கு வேணும் தங்கச்சி.”

“கேமுக்குத்தானே?”

“கேமுக்குத்தான்.”

“ஒரு நா ஆடலன்னா என்னாண்ணே ஆயிரும்? நானே இன்னிக்கி வேல செய்யாம உக்காந்திருக்கேன். வெள்ளிக்கெழம குடுக்க வேண்டிய கல்யாணம் உள்ள கெடக்கு. பொண்ணோட அம்மா என்னயத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. நல்லவேள போனு சாமிகிட்ட இருக்கு.”

நான் சுண்டலைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். தம்பி, பெர்த், ஆறு லோரி, கிள்ளானில் இடம் கேட்பவர். அம்மாவை எடுத்த நேரத்தையும் சொன்னேன். அதை நான் வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டாவது தடவையாகப் பார்க்கும் ஒருவரிடம், அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, கடலையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

“தம்பிகிட்ட பேச போனு இல்லியா?”

“போன்ல பேசினா, பேச வேண்டியதப் பேச வேண்டியிருக்கும்.”

“லோரியில?”

“லோரியில ரோட்டப் பத்திப் பேசலாம்.”

“அண்ணன்னு கூப்புடுவாரா?”

“பின்னாடி வண்டின்னு கூப்புடுவான்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கணினியின் தலையிலிருந்த மல்லிகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கல்யாணத்துல பாப்பேண்ணே. பேசிக்காத அண்ணந்தம்பி ரெண்டு பேரும் ஒரு படத்துலகூட ஒண்ணா நிக்க மாட்டாங்க. அவரு இந்தப் பக்கம்னா இவரு அந்தப் பக்கம். கடைசில சாப்பாட்டுலதான் மாட்டுவாங்க. பக்கத்து பக்கத்து நாற்காலி கெடச்சிரும். அப்பவும் பேச மாட்டாங்க. ரசத்த இந்தப் பக்கம் தள்ளுன்னு சொல்லுவாரு ஒருத்தரு. இன்னொருத்தரு தள்ளுவாரு. அவ்ளோதான். அத மட்டும் நான் வெட்டவே மாட்டேன். ‘இது எதுக்கு வீடியோல, சும்மா சாப்புடுறாங்களே’ம்பாங்க. இருக்கட்டும்னு விட்டுருவேன்.”

சுவரில் மணி இரண்டேகால் ஆகியிருந்தது. வீட்டுக்குத் திரும்ப முக்கால் மணி நேரம் வேண்டும். நான் மணியைப் பார்க்கவில்லை என்பதுபோல் பார்த்தேன்.

அவர் எழுந்து சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றார். விடுப்புக் கேட்க மேலாளர் அறைக்குப் போனவர்போல் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அது எனக்குச் சொன்னதும் அல்ல.

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“பாருங்கண்ணே. ஓய்வுன்னா வேல செய்யாம இருக்குறதுதானே? நான் மெஷின ஓட்டப் போறதில்ல. உள்ள இருந்து ஒரு சாமான எடுக்குறேன். தூங்குறவரு சட்டைல இருந்து சாவிய எடுக்குற மாதிரி. அவரு தூக்கம் கலையல, நமக்கும் கதவு தொறந்துரும். எடுத்தது உங்க பெட்டில போயிதான் வேல செய்யும். உங்க பெட்டிக்குப் பொட்டு வச்சீங்களா?”

“இல்ல. அது ஆயுதம் இல்லன்னு சொல்லிட்டேன்.”

“நல்லதாப் போச்சு.” எழப் போனவர் பாதியில் நின்றார். “ஆனா ஸ்க்ரூடிரைவர் வேல செய்யணுமேண்ணே.”

இருவரும் பூசைப் பக்கம் பார்த்தோம். சின்னதிலிருந்து பெரியது வரை, பொட்டு வைத்துக்கொண்டு அவை வரிசையாகப் படுத்திருந்தன.

“புரோசசரு சும்மா வரும். மூடியக் கழட்டணும், காத்தாடியக் கழட்டணும், ஸ்க்ரூடிரைவர் முழு வேல செய்யும். அது முடியாது. உங்களது எங்க?”

“பஸ்ஸுல. நான்தான் காலைல பொட்டு வச்சேன்.”

“பக்கத்து வீட்டுலயும் இருக்காது. இந்தப் பக்கம் அஞ்சு வீட்டுலயும் இருக்காது. எல்லாம் பூசையில இருக்கும்.” ஒரு நல்ல வேலை தெரிந்த பெண், கண்ணெதிரில் நாற்பது சாமான்கள், ஒன்றையும் தொட முடியாமல் இருந்தார். மணி இரண்டு இருபது.

பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, பச்சைக் கேட்டைத் திறந்து, சாலையைக் கடந்து, எதிரே இருந்த மலாய்க்காரர் வீட்டு வேலிக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, “பாக் சிக்! ஸ்க்ரூடிரைவர் இருக்கா? பிஞ்ஜாம் கெஜாப்!” என்று தமிழும் மலாயுமாக அந்த வீட்டுப் பெரியவரிடம் கொஞ்ச நேரத்துக்கு இரவல் கேட்டுக் கூப்பிட்டார்.